காதுக்காரரின் பகல் தூக்கம்

காதுக்காரர் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. நகரத்துக்குக் குடிநீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது. அந்தக் கூடத்தில் நான்கு பம்புகள் உண்டு. எந்நேரமும் மூன்று ஓடும், ஒன்று ஓய்வில் இருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். அவருக்கு மட்டும் மூன்று பம்புகளும் மூன்று ஆட்கள் பேசுவதுபோலத் தனித்தனியாகக் கேட்டன.

அங்கே அவர் வேலை பார்த்தது முப்பத்தொரு வருடம். அதில் கடைசி இருபத்திரண்டு வருடமும் நான்கு மாதமும் இரவு முறை மட்டுமே. பத்திலிருந்து ஆறு வரை. யாரும் தள்ளிவிடவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். "பகல்ல ஆபீசருங்க சத்தம். அதுல மிஷின் பேசறது காதுல விழாது" என்பார்.

இரவு முறையில் கண்ணை மூடக் கூடாது என்பது விதி. மூன்று மணிக்கு மேல் விதி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். பேனல் அறையில் இரும்பு முக்காலியைச் சுவரோடு போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அவரும் தலையைத் தொங்கப் போடுவார். ஒவ்வொரு மணி நேரமும் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது தானாக எழுந்து போய் அழுத்தம், ஆம்பியர், பேரிங் சூடு மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். ஒரு தரம் மணி மூன்று இருபதுக்கே விருட்டென்று எழுந்தார். நேராக மூன்றாவது பம்பிடம் போய் பேரிங்மேல் உள்ளங்கையை வைத்தார். கூட இருந்த எலெக்ட்ரீஷியன் பின்னாலேயே ஓடினார்.

"என்னாச்சுண்ணே?"

"மூணாவது ஆளு இருமறான்."

திறந்து பார்த்தால் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் மோட்டாரே போயிருக்கும். மறுநாள் இளநிலைப் பொறியாளர் கூப்பிட்டு விசாரித்தார்.

"சத்தம் மாறினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் சார். தூங்கிட்டு இருந்தேன்."

ஒரே நாளில் அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. பணியில் தூங்கியதற்கு விளக்கம் கேட்டு ஒன்று, மோட்டாரைக் காப்பாற்றியதற்குப் பாராட்டி ஒன்று. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

வீடு, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்குப் பின்னால். இரண்டு அறைகள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தகரத்தில் சம்மட்டி விழும். அவர் ஏழரைக்குப் படுத்து மூன்றரை வரை அந்தச் சம்மட்டிக்குள் சுகமாகத் தூங்குவார். பட்டறைக்கு விடுமுறை என்றால்தான் தூக்கம் வராமல் புரளுவார். மனைவி பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்து, காஜா எடுத்துக் கொடுக்கிறவள். தையல் இயந்திரம் கட்டிலுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. பகலில் அவர் தூங்க அவள் தைப்பாள். இரவில் அவள் தூங்க அவர் நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவார். இருவரும் முழுசாக விழித்திருந்து முகம் பார்த்துப் பேசியது மாலை நான்கிலிருந்து ஒன்பது வரைதான். அது போதுமானதாக இருந்தது என்றே அவள் நினைத்திருந்தாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, அவருடைய ஐம்பத்தேழாவது வயதில், இரவு இரண்டு நாற்பதுக்கு விக்கல் வந்தது. நிற்கவே இல்லை. காலையில் வீட்டுக்கு வந்து தேநீரை ஒரு வாய் குடித்தார். அது மூக்கு வழியாக வெளியே வந்தது. "வீடு சுத்துது" என்று சுவரைப் பிடித்தார். இடது கண்ணிமை பாதி இறங்கியிருந்தது. குரல் வேறு யாரோ அவருக்குள் உட்கார்ந்து பேசுவதுபோலக் கரகரத்தது. மனைவி ஓடிப்போய்ப் பட்டறையில் நிற்க, அவர்கள் சாமான் ஏற்றும் வேனில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

மூளைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கை கால் விழவில்லை. பேச்சு போகவில்லை. புத்தி துளியும் கலங்கவில்லை. "தப்பிச்சிட்டார்" என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். நான்காம் நாள் பகல் பதினொன்றரைக்குத் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கடந்து போன நர்ஸ் சட்டென்று நின்றார். மார்பு அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் கண்ணைத் திறந்து, மூச்சை இழுத்து, "என்ன சிஸ்டர்?" என்றார். திரும்பக் கண்ணயர்ந்தார், திரும்ப நின்றது. ஒரு மணி நேரத்தில் நான்கு தரம்.

மறுநாள் நரம்பு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். படபடவென்று பேசாமல் நிறுத்திப் பேசினார்.

"பின்கழுத்துக்கு மேல, மூளை கீழ இறங்கித் தண்டுவடமா மாறுற இடம் இருக்கு. கட்டைவிரல் கனம்தான். மூளைத்தண்டுன்னு பேரு. அதுக்குள்ள நரம்பு செல்லெல்லாம் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்கறது, இருமறது, தூங்கறது, முழிக்கறது, இத்தனையையும் அந்த வலைதான் பார்த்துக்குது. நாம நினைக்க வேண்டியதில்ல. உங்களுக்கு அங்கதான் அடி."

"நான் இப்ப மூச்சு விடறேனே" என்றார் காதுக்காரர்.

"முழிச்சிருக்கும்போது மேல் மூளையும் கை கொடுக்கும். நீங்க பேசணும்னா, மூச்சைப் பிடிக்கணும்னா, அது செய்யும். தூங்கினா அது கையை எடுத்துடும். அப்ப கீழ இருக்கறது தானா ஓட்டணும். உங்களுக்கு அது ஓட்டல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"புரியுதா? ஆட்டோ போயிடுச்சு. மேனுவல்ல ஓடிட்டு இருக்கேன். ஆபரேட்டர் தூங்கினா பிளான்ட் நின்னுடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதேதான்" என்றார். தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தை இணைப்பது ஒரு வழி. முகமூடி வைத்து இணைப்பது இன்னொரு வழி. துளை போடுவதுதான் பத்திரம் என்றும் சொன்னார். துளைக்குக் காதுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அவள் "இருக்கேன்" என்றாள்.

விழுங்கக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. தலையை இடது பக்கம் திருப்பி, மோவாயைத் தாழ்த்தி, கூழாகக் கெட்டிப்படுத்தியதை ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே அனுப்ப வேண்டும். முகத்தின் ஒரு பாதிக்குச் சூடு தெரியாது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். எண்பது நாள் கழித்து மே மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது எழுபத்திரண்டு கிலோ ஐம்பத்தெட்டாகியிருந்தது. நடுவில் நிமோனியா வந்ததில் நாள் கூடிப்போயிற்று.

மூச்சு இயந்திரம் ஒரு ரொட்டிப் பெட்டி அளவுதான் இருந்தது. கொண்டுவந்து மாட்டிய மெக்கானிக் நல்ல பேச்சுக்காரர். முகமூடியின் பட்டையை எப்படி இறுக்க வேண்டும், குழாயை எப்படிக் கழுவ வேண்டும், கரெண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் சொன்னார். முகமூடி விலகிக் காற்று கசிந்தால் அலாரம் அடிக்கும். அதன் சத்தத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வைக்கலாம்.

"பத்துலயே இருக்கட்டும்மா. எரிச்சலாத்தான் இருக்கும். இருக்கட்டும்."

வேலை போய்விட்டது. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம் போகவில்லை. இரவு முழுக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விழித்திருப்பார். காலை ஏழரைக்கு முகமூடியை மாட்டிக்கொண்டு படுப்பார். அவள் தைத்தபடி காவல் இருப்பாள். நோட்டுப் புத்தகத்தில் அவரே கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்: நேரம், இயந்திர அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன், குறிப்பு. மணிக்கு ஒரு தரம் அவள் எழுத வேண்டும். சாயங்காலம் எழுந்ததும் முதல் வேலையாக அதை வாங்கிப் பார்ப்பார்.

"பதினோரு மணிக்கு எழுதலையே?"

"காஜா எடுத்துட்டு இருந்தேங்க. பதினொன்னு அஞ்சுக்குப் பார்த்தேன்."

"அப்ப பதினொன்னு அஞ்சுன்னு எழுது. மிஷினுக்குப் பொய் சொல்லக் கூடாது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாதாரணமாகச் சொல்வார்.

அவளுக்கு இரவிலும் தூக்கம் இல்லாமல் போயிற்று. நாற்காலியில் இருப்பவர் அசந்துவிட்டால்? படுத்தபடி அவர் இருமுகிறாரா, செருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். பகலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதன், ஞாயிறு மட்டும் நாத்தனார் வந்து காவலை ஏற்றுக்கொள்வாள். அவருடைய தங்கை, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. வந்ததும் வராததுமாக ஆரம்பிப்பாள்.

"என்ன அண்ணி, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு? எங்கண்ணனுக்கு மூச்சு விட மிஷின் வாங்கியாச்சு. உங்களுக்குத் தூங்க ஒரு மிஷின் வாங்கணும்போல."

"நீங்க வேற. உக்காருங்க, டீ போடறேன்."

"டீ நான் போட்டுக்கறேன். நீங்க போய்ப் படுங்க. அண்ணனை நான் முழுங்கிட மாட்டேன்."

கரடுமுரடான வாய். ஆனால் காவலில் ஒரு நொடி கண்ணயர மாட்டாள். பழைய செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அலாரம்தான் பெரிய பாடாக இருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்தால் முகமூடியின் ஓரம் கொஞ்சம் தூக்கும், அலாரம் அலறும். அவர் எழுந்துவிடுவார். சரிசெய்து படுத்தால் இருபது நிமிடத்தில் மறுபடி. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் பதினேழு தரம் அடித்ததை அவள் குறித்திருக்கிறாள். பதினேழில் ஒன்றுகூட ஆபத்து இல்லை.

அடுத்த தரம் மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னார்கள். அவர் அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"இப்படியே போனா உட்கார்ந்த இடத்துல தூங்கிடுவீங்க. உங்களைக் கேட்டுக்கிட்டு அது வராது. அதே வலைதான் அதையும் பார்த்துக்குது. எந்தச் சத்தத்துக்கு எழுப்பணும், எதுக்கு எழுப்ப வேண்டாம்னு அதுவே பிரிச்சு வெச்சிடும். தினம் கேக்கற சத்தத்தைத் தள்ளிடும். இப்ப, குழந்தை சிணுங்கினா அம்மா…" என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"எங்களுக்கு இல்ல. சொல்லுங்க" என்றாள் அவள்.

"குழந்தை சிணுங்கினா அம்மா எழுந்துப்பாங்க. தெருவுல லாரி போனா எழுந்துக்க மாட்டாங்க. அவ்வளவுதான். உதவிக்கு இன்னொரு ஆள் பாருங்க."

இன்னொரு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதில் காதுக்காரர் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முகத்தில் பழைய களை இருந்தது.

"இதைத்தானே நான் இருபத்திரண்டு வருஷமா செஞ்சேன்! தூங்கிட்டே காவல் இருக்கலாம். உனக்குச் சொல்லித் தரேன்."

சொல்லித் தந்தார். "மிஷின் சத்தத்தைக் கேக்காத. அதுக்குள்ள படுத்துக்க. ஓடற வரைக்கும் அது சுவர் மாதிரி. நின்னா சுவர் விழும், நீயே எழுந்துப்ப." பட்டறையில் சம்மட்டி நின்றால் தனக்கு விழிப்பு வந்துவிடுவதை உதாரணம் காட்டினார். மாலை நேரத்தில் அவளைப் படுக்கவைத்து, தலைமாட்டில் இயந்திரத்தை ஓடவிட்டு, அவள் நன்றாகத் தூங்கிய பிறகு பட்டென்று நிறுத்துவார். கையில் கடிகாரம். முதல் நாள் ஒன்பது வினாடியில் எழுந்தாள். அப்புறம் ஆறு. அப்புறம் நான்கு. பத்து நாளில் பதினான்கு பரீட்சை, பதினான்கிலும் தேறினாள். அவர் கட்டம் போட்டுக் குறித்துவைத்தார். சந்தோஷத்தில் கரகரத்த குரலில் சிரித்துவிட்டுப் புரைக்கேறி இருமினார்.

"பம்ப் ஹவுஸ்ல உன்னையே வேலைக்கு வெச்சிருக்கலாம். என்னைவிட ரெண்டு வினாடி முன்னாடி எழுந்திரிக்கற."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் அவளைத் தன் வேலையோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல் தரம்.

"இனி அந்தக் கத்தல் எதுக்கு? ஒன்னுல வை" என்றார்.

"மெக்கானிக் பத்துலயே வைக்கச் சொன்னாரே."

"அது காது இல்லாதவங்களுக்கு. கரெண்ட் போனாலும் பேட்டரி போனாலும் மிஷின் நிக்கும், நின்னா நீ எழுந்துக்கற. வேற என்ன வேணும்?"

செப்டம்பர் பதினெட்டாம் தேதி அவள் பொத்தானை ஒன்பது தரம் அழுத்தினாள். அன்று அவர் ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். அவளும் தையல் இயந்திரத்தின் பலகைமேல் தலை சாய்த்து இரண்டு தரம் கண்ணயர்ந்தாள். ஆறு மாதத்தில் வீட்டில் முதல் தடவையாக இருவருக்கும் பேச்சில் எரிச்சல் இல்லை.

நாத்தனாரிடம் சொல்லவில்லை. புதன், ஞாயிறுகளில் நாத்தனார் வருவதற்கு முன் சத்தத்தைப் பத்துக்கு ஏற்றிவைப்பாள். அவள் போனதும் இறக்குவாள். "ஐயையோ, இந்தப் பிசாசு எத்தனை தரம் கத்துது! உங்களுக்குக் காது மரத்துப்போச்சா அண்ணி?" என்பாள் நாத்தனார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் இறக்க மறந்துவிட்டாள். வியாழன் காலை முகமூடியை மாட்டப்போனவர்தான் கேட்டார்: "அதைக் குறைச்சிட்டியா?" குறைத்தாள். அது நவம்பர் ஆறு.

அதே நாள் பகல் பன்னிரண்டுக்கு நோட்டில் எல்லாம் எழுதினாள். மூச்சு பதினான்கு, ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு. பன்னிரண்டரைக்கு முப்பத்தெட்டு சட்டைக் காலர்களை முடித்துக் கட்டினாள். ஒரு மணிக்கு மறுபடி எழுதினாள், அதேபோல்தான் இருந்தது. தையல் பலகைமேல் கையை மடித்து அதன்மேல் தலையை வைத்தாள். இயந்திரம் உஸ்ஸென்று ஊதி, புஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தது. பட்டறையில் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது.

கை மரத்துப்போய்த்தான் விழித்தாள். மணி இரண்டு ஆறு. இயந்திரம் அதே கதியில் உஸ், புஸ் என்றது. அதைக் கேட்டதும் மனம் நிம்மதியானது. அந்த நிம்மதியை அவளால் பிறகு ஒருபோதும் தன்னிடமிருந்து கழுவ முடியவில்லை. கையை உதறியபடியே திரும்பிப் பார்த்தாள். முகமூடி அவர் நெற்றியில் இருந்தது. தினமும் துவைத்துப் பிடிப்பு விட்டுப்போன பட்டை நழுவியிருந்தது. காற்று அவர் தலைமுடியை ஒரு பக்கமாக அசைத்துக்கொண்டிருந்தது. உதடுகள் நீலமாக இருந்தன.

கத்தினாள். உலுக்கினாள். மருத்துவமனையில் உலுக்கினால் எழுந்தவர். பட்டறை ஆட்கள் ஓடிவந்து மார்பை அழுத்தினார்கள். அதே வேனில் கொண்டுபோனார்கள். இறந்து அரை மணிக்கு மேல் ஆகிறது என்றார்கள்.

வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோது நாத்தனார் அழுதுகொண்டே கேட்டுவிட்டாள்.

"அந்தப் பிசாசு கத்தலையா அண்ணி? நான் இருந்தா நாளுக்குப் பத்து தரம் கத்துமே. இன்னிக்கு மட்டும் ஏன் கத்தல?"

பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மெல்ல, காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"ஒன்னுல வெச்சிருந்தேன். நீங்க வர நாள் மட்டும் பத்துல ஏத்திடுவேன்."

நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அப்ப என் காதை நம்பல. உங்க காதை நம்பினீங்க."

"அவர் நம்பினாருங்க."

"அவரா வந்து இப்பச் சொல்லப்போறாரு?"

பம்ப் நிலையத்துப் பழைய எலெக்ட்ரீஷியன் எழுந்து நாத்தனாரைத் தோளில் தட்டி நகர்த்தி உட்காரவைத்தார். பிறகு அவளிடம் வந்து, நடந்ததை முதலிலிருந்து கேட்டார். சத்தம் நின்றால் எழுந்திருக்கும் பயிற்சியைப் பற்றி அவள் சொன்னதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நிக்கற பம்பை யாரு வேணா கண்டுபிடிச்சிடலாம்மா. சில நேரம் மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. வெறுமனே சுத்தும். சத்தம் மயிரிழைதான் மாறும். எங்க யாருக்கும் அது தெரியாது. அவருக்குத் தெரியும். அதனாலதான் அவருக்கு அந்தப் பேரு." துண்டை இறக்கிவிட்டு, "அதை உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

"சொல்லலை."

அவருக்கு அது சொல்லித் தர வேண்டிய ஒன்றாகவே தோன்றியிருக்காது. அவள் அப்படித்தான் நினைத்தாள். அதற்குமேல் அவரைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை.

எட்டாம் நாள் மெக்கானிக் இயந்திரத்தை எடுத்துப்போக வந்தார். உள்ளே ஒரு சின்ன அட்டை; ஒவ்வொரு நிமிடமும் அதில் பதிவாகியிருக்கும். அவள் கேட்டதால் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒன்று பதினேழுக்குக் கசிவு ஆரம்பம். இரண்டு ஆறுக்கு முடிவு.

"அலாரம் அடிச்சதா?"

"அடிச்சிருக்கும்மா."

"எவ்வளவு நேரம்?"

அவர் திரையை இன்னொரு தரம் பார்த்தார்.

"நாப்பத்தொன்பது நிமிஷமும்."

மூன்றடி தூரத்தில், ஒன்றாம் எண் சத்தத்தில், அது நாற்பத்தொன்பது நிமிடம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இருபதாம் நாள் அவள் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். புற நோயாளிகள் வரிசையில் எண் முப்பத்தொன்று. டாக்டர் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை. நடந்ததை நேரம் தவறாமல் சொன்னாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும். ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க. அலாரம் பத்துல இருந்திருந்தா நான் எழுந்திருப்பேனா?"

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடிவைத்தார்.

"நீங்க ரொம்பக் களைச்சிருந்தீங்க. காது எதுக்குக் காத்திருந்ததோ, அது வரவே இல்ல…"

"பத்துல இருந்திருந்தா?"

"எழுந்திருப்பீங்க. அவரும் எழுந்திருப்பார்."

"சரிங்க" என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஓரத்தில் இருந்ததில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் வட்டமான கடிகாரம். அவள் வாயை மூடி, மூச்சை நிறுத்தினாள். சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க நினைத்தாள். இருபது வினாடி வரை ஒன்றும் இல்லை. முப்பதில் விலா எலும்புகளுக்கு அடியில் ஏதோ உதைத்தது. நாற்பதில் தொண்டை தானாக விழுங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டாவது வினாடியில் பின்கழுத்திலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல வாய் பிளந்துகொண்டது. காற்று கேட்காமல் கொள்ளாமல் ஓசையோடு உள்ளே பாய்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த மூச்சும் அதுவாகவே வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

பக்கத்து நாற்காலியில் கைக்கட்டோடு இருந்த ஒரு பெண்மணி திரும்பினாள்.

"என்னம்மா, மூச்சு வாங்குதா? நர்ஸைக் கூப்பிடவா?"

"வேண்டாங்க. நல்லாத்தான் இருக்கேன்."

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தலை சாய்ந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒலிபெருக்கியில் எண்கள் கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று சக்கரம் கிறீச்சிட அவள் காலை உரசிக்கொண்டு போனது. எதற்கும் அவள் எழவில்லை. புற நோயாளிகள் பிரிவைப் பூட்ட வந்த காவலாளி, இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கியது, ஏறியது. மூன்றாவது தரம் நாற்காலியின் காலைத் தடியால் தட்டினார்.

"எழுந்திரும்மா. யாருக்காகக் காத்துட்டு இருக்க?"

"யாருக்கும் இல்லைங்க" என்று பையை எடுத்துக்கொண்டாள்.